கடலோரக் கேள்வி பதில்: "இன்னிக்கு ஆள் முடிஞ்சிருச்சு"ன்னா என்ன அர்த்தம்?

போன மாசம் இந்தப் பக்கத்துல அந்தமான் போன கதைய எழுதியிருந்தேன். ஜாலி பாய் தீவுக்குப் போலாம்னு காலங்காத்தால வண்டூர் படகுத்துறைக்குப் போயி, "இன்னிக்கு ஆள் முடிஞ்சிருச்சு"ன்னு, அதாவது ஒரு நாளைக்கு இத்தன பேருதான்னு வச்ச அளவு நிரம்பிடுச்சுன்னு சொன்னதும் ரெண்டு மணி நேரம் அங்கயே உக்காந்து டீ குடிச்சிட்டு திரும்பி வந்த கதை. அதுல கடைசில "அவங்க என்னைய விடாதது சரிதான்"னு ஒரு வரி எழுதினேன் பாருங்க, அதுதான் வம்பாப் போச்சு. லெட்டரு, வாட்ஸப்புன்னு வந்த கேள்வியெல்லாம் அந்த ஒரு வரியச் சுத்திதான். அதனால இந்த மாசம் வேற எதையும் எடுக்கல.

திருச்சி வாசகி: தியேட்டர்னா சீட் இருக்கு, எண்ணிடலாம். கடலுக்கு நடுவுல இருக்கிற தீவுக்கு இத்தன பேருதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? கணக்கு ஏதாவது இருக்கா, இல்ல ஆபீசர் மனசுல தோணுன நம்பரா?

கணக்கு இருக்குங்க. ஆனா நீங்க சந்தேகப்படுற மாதிரி அந்தக் கணக்குக்குள்ள மனசுல தோணுன நம்பரும் இருக்கு, அதையும் சொல்றேன்.

ஒரு எடம் எத்தன பேரத் தாங்கும்ங்கிறதுக்கு 'தாங்கு திறன்'னு பேரு. அதக் கணக்குப் போட மிகேல் சிஃபுவென்டெஸ்னு ஒருத்தர் 1992ல ஒரு முறை எழுதி வச்சாரு, லத்தீன் அமெரிக்காவுல ஆரம்பிச்சு இன்னிக்கு உலகம் பூரா பூங்காக்காரங்க அதத்தான் கொஞ்சம் மாத்தி மாத்திப் போடுறாங்க. பெரிய விஷயமெல்லாம் இல்ல, நம்ம கல்யாணப் பந்தி கணக்குதான். மண்டபத்துல ஒரே நேரத்துல எத்தன இலை போடலாம், எத்தன பந்தி ஓட்டலாம், ரெண்டையும் பெருக்குனா மொத்தம் எத்தன பேரு சாப்பிடலாம்னு வருதுல்ல, அது முதல் படி. தீவுல 1,000 சதுர மீட்டர் மணல் இருக்குன்னு வைங்க, ஆளுக்கு 10 சதுர மீட்டர்னா ஒரே நேரத்துல 100 பேரு. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் 8 மணி நேரம் தொறந்திருக்கு, ஒருத்தர் 2 மணி நேரம் இருப்பாருன்னா 4 பந்தி. ஆக 400 பேரு.

ரெண்டாவது படி, கழிக்கிறது. ஓதம் ஏறுனா பாதி மணல் தண்ணிக்குள்ள போயிடும், காத்து அடிக்கிற மாசத்துல படகே போகாது, ஆமை முட்டை போடுற காலத்துல ஒரு பக்கம் கட்டி மறைச்சிடணும். இதெல்லாம் கழிச்சா 400ங்கிறது 200 ஆகுதுன்னு வைங்க. மூணாவது படிதான் எனக்குப் பிடிச்சது, பரிமாற ஆள் எத்தன பேரு? காவலுக்கு 10 பேரு வேணும், இருக்கிறது 4 பேருன்னா அந்த 200லயும் நூத்துக்கு நாப்பதுதான். 80 பேரு. இலை இருக்கு சோறு இருக்கு, பரிமாற ஆள் இல்லன்னா பந்தி நடக்குமா? நம்ம ஊர்ல பல இடத்துல முதல் படிலயே நின்னுட்டு 400ன்னு போர்டு வச்சிடுறாங்க, அதுதான் கோளாறே.

இப்ப நீங்க கேட்ட சந்தேகத்துக்கு வரேன். ஆளுக்கு 10 சதுர மீட்டர்னு யாரு சொன்னது? யாரோ ஒருத்தர் முடிவு பண்ணதுதான். 5ன்னு போட்டா எல்லா நம்பரும் ரெண்டு மடங்கு ஆயிடும், பார்முலா வாயத் தொறக்காது. இந்தச் சிக்கல் தெரிஞ்சுதான் அமெரிக்காவுல காட்டுத் துறை ஆய்வாளருங்க இந்த பார்முலாவுக்கும் முன்னாடி, 1985லயே கேள்வியத் திருப்பிப் போட்டாங்க. எத்தன பேருன்னு அப்பறம் பாப்போம், மொதல்ல எவ்வளவு கெட்டுப்போனா ஒத்துக்குவோம்னு சொல்லுங்கன்னாங்க. ஆளே போகாம இருந்தாத்தான் ஒண்ணும் ஆகாது, போறதுன்னு ஆயிட்டா ஏதோ கொஞ்சம் கெடும், அந்தக் கொஞ்சம் எதுன்னு ஊரு கூடிப் பேசி எழுதி வச்சிட்டு வருசா வருசம் அளந்து பாத்து, கோட்டத் தாண்டுனா ஆளக் குறைக்கணும். நான் இந்தக் கட்சிதான். நம்பர் வேணாம்னு சொல்லல, நம்பர விஞ்ஞானம் கண்டுபிடிச்சுச்சுன்னு சொல்லாதீங்க, நாம முடிவு பண்ணோம்னு சொல்லுங்க, அப்பத்தான் யாரு முடிவு பண்ணாங்கன்னு நாலு பேரு கேக்க முடியும்.

மதுரை வாசகர்: தாய்லாந்துல ஒரு பீச்ச வருசக்கணக்கா இழுத்து மூடுனாங்களே, தொறந்த பின்னாடி உண்மையிலயே சரியாச்சா? இல்ல விளம்பரமா?

மாயா பே. பி பி லே தீவுல மூணு பக்கமும் மலை நிக்கிற சின்ன குடா. 2000ல வந்த ஒரு ஹாலிவுட் படத்துல காட்டுனதுல இருந்து உலகமே அங்க கிளம்பிடுச்சு, கூட்டம் உச்சத்துல இருந்தப்ப ஒரு நாளைக்கு 5,000 பேரு வரைக்கும் எறங்குனாங்க. குடாவோட மணல் நீளம் எவ்வளவுன்னு நெனைக்கிறீங்க, நம்ம மெரினாவுல ஒரு ஓரத்துக்குக் காணாது. வேகப்படகுங்க வரிசையா மூக்க மணல்ல வச்சு நிக்கும், நங்கூரம் பவளத்து மேல விழும், ப்ரொப்பெல்லர் மணலக் கலக்கிவிட்டு அந்தக் கலங்கல் பவளத்து மேல படியும். 2018 ஜூன்ல மூடுனாங்க. நாலு மாசம்னுதான் மொதல்ல சொன்னாங்க, போதாதுன்னு நீட்டிக்கிட்டே போயி 2022 ஜனவரி 1தான் தொறந்தாங்க.

சரியாச்சான்னா, சுறா திரும்பி வந்துச்சு. துடுப்பு நுனில மை தொட்டு வச்ச மாதிரி கறுப்பா இருக்குமே, அந்தச் சுறாக்குட்டிங்க முழங்கால் ஆழத் தண்ணிலயே சுத்துதுங்க. பவளம் அவ்வளவு சீக்கிரம் வராது. மூடுன காலத்துல விஞ்ஞானிங்க பவளத் துண்டு கொண்டாந்து நட்டாங்க, ஆனா பாறை மாதிரி உருண்டையா வளர்ற பவளம் வருசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும், கிளை விடுற ஜாதி கொஞ்சம் வேகம். மூணரை வருசத்துக்குக் கணக்குப் பாத்துக்குங்க.

என்னயக் கேட்டா மாயா பேல வேலை செஞ்சது மூடுனது இல்ல, தொறந்தப்ப மாத்துனது. படகு இப்ப குடாக்குள்ள வரவே கூடாது. தீவோட முதுகுப் பக்கம் ஒரு துறை கட்டி அங்க எறக்கி விடுறாங்க, மரப்பாதைல நடந்து வரணும், ஒரு ரவுண்டுக்கு ஒரு மணி நேரம், ஒரே சமயத்துல 375 பேருக்கு மேல கெடையாது, நீச்சல் கெடையாது. வருசா வருசம் ஆகஸ்ட், செப்டம்பர் லீவு. 375 பேரே அதிகம்னு சொல்றவங்களும் இருக்காங்க, இருக்கட்டும். ஆனா 375 பேரு மணல்ல நடக்கிறதும் 375 பேரு முப்பது படகுல வந்து நங்கூரம் போடுறதும் ஒண்ணா?

அதே தாய்லாந்துல கோ தாச்சாய்னு இன்னொரு தீவு, 70 பேரு தாங்கும்னு சொன்ன மணல்ல சில நாள் 1,000 பேருக்கு மேல எறங்கி, 2016ல மூடிட்டாங்க. நம்பர் இருந்துச்சு பாருங்க, 70ன்னு. யாரும் வாசல்ல நின்னு எண்ணல, அவ்வளவுதான்.

பிலிப்பைன்ஸ்ல போராக்காய் தீவ 2018 ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் ஆறு மாசம் மூடுனாங்களே, அந்தக் கதை வேற. அங்க பிரச்சனை சாக்கடைத் தண்ணி கடல்ல போனது. தொறக்கிறப்ப ஒரு நாள்ல தீவுல 19,215 சுற்றுலாக்காரங்க இருக்கலாம்னு வச்சாங்க. அந்த 15ஐ எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு எனக்கு இன்னமும் சிரிப்பா இருக்கும். 2022 பெரிய வெள்ளி வாரத்துல அதையும் தாண்டிடுச்சு.

நிலாவெளி வாசகர்: ஐயா, புறாமலைக்கு சீசனில லீவு நாளெண்டால் சனம் நிரம்பி வழியுது, முருகைக்கல்லுக்கு மேலயே ஏறி நிக்கினம். ஆனால் ஆளைக் குறைக்கச் சொன்னால் எங்கட பெடியள் வள்ளம் ஓடிப் பிழைக்கிறது என்னண்டு? நீங்கள் லேசாச் சொல்லிப்போட்டுப் போயிடுவியள்.

குட்டு சரியான எடத்துல விழுந்துச்சு, வாங்கிக்கிறேன்.

மத்த வாசகருங்களுக்காக ஒரு வார்த்தை. முருகைக்கல்லுன்னா பவளப்பாறை. புறாமலைங்கிறது இலங்கைல திருகோணமலைக்கு வடக்க நிலாவெளிக் கரைல இருந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற ரெண்டு குட்டித்தீவு, வெள்ளக்காரங்க பிஜன் ஐலண்டுன்னு பேரு வச்சு சுட்டுப் பழகுன எடம். 1963ல சரணாலயம், 2003ல தேசியப் பூங்கா. வாடைக் காலத்துல அந்தப் பக்கம் கடல் பொங்கிக்கிட்டு கெடக்கும், அதனால வருசத்துக்கு வர்ற மொத்தக் கூட்டமும் நடுவுல கெடைக்கிற அஞ்சாறு மாசத்துக்குள்ளதான் வரணும். இதக் கவனிக்கணும். வருசத்துக்கு இத்தன பேருன்னு ஒரு மொத்தக் கணக்கு வச்சா பேப்பர்ல அழகா இருக்கும், பவளத்த மிதிக்கிறது என்னவோ ஆகஸ்ட் மாச ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வத்தத்துல நிக்கிற கூட்டம்தான்.

அதனால உங்களுக்கு நான் சொல்றது, தலை எண்றதுக்கு முன்னாடி நேரத்தப் பிரிங்க. காலைல 7 மணிக்கு 10 பேரு, 9 மணிக்கு 10 பேருன்னு போனா அதே ஆளு அதே காசு, நெரிசல் மட்டும் இல்ல. தண்ணி வத்தி பவளம் முதுகு காட்டுற நேரத்துல மட்டும் யாரும் எறங்கக் கூடாதுன்னு வைங்க. நங்கூரத்துக்குப் பதிலா மிதவை போட்டு அதுல கட்டச் சொல்லுங்க, ஒரு நங்கூரம் ஒரே இழுப்புல நெறைய பவளத்த ஒடைச்சிட்டுப் போயிடும். லைஃப் ஜாக்கெட் போட்டா கால ஊனணும்னு பயம் வராது, நீச்சல் தெரியாதவங்கதான் பயந்து போயி முருகைக்கல் மேல ஏறி நிக்கிறாங்க, அவங்க மேல கோவப்பட்டு என்ன பண்றது.

இதெல்லாம் பண்ணியும் படகு அதிகம்தான்னு வந்தா, யாரு படகு போறதுங்கிறதுதான் சண்டை. அங்கதான் நாம வெளிநாட்டு பார்முலாவத் தேடக் கூடாதுங்கிறேன். கரைவலைக்காரங்க காலங்காலமா 'பாடு' வச்சு முறை போட்டு வலை விடுறாங்கல்ல, உங்க பக்கமும் உண்டு. எங்க பழவேற்காடு ஏரிலயும் மீன்பிடி எடத்த பாடுன்னு பிரிச்சு, சீட்டுப் போட்டு, இன்னிக்கு நீ நாளைக்கு நான்னு எறங்குவாங்க. எடம் கொஞ்சம், ஆளு நெறைய, நாளைக்கும் மீன் வேணும், இதுக்குத்தான அந்த முறையே வந்துச்சு? அதே முறைய சுற்றுலாப் படகுக்கும் வச்சா, ஓடாத நாளைக்கும் ஓடுன படகு வருமானத்துல ஒரு பங்குன்னு சங்கத்துல பேசிக்கிட்டா, யாரும் பட்டினி கெடக்க வேணாம். சங்கமே ஒத்துக்காம மேல இருந்து நம்பர் எறங்குனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல திருட்டுத்தனமா படகு ஓடும்.

மலேசியாவுல சிப்படான் தீவுல 2004 கடைசில விடுதிய எல்லாம் காலி பண்ண வச்சு, ஒரு நாளைக்கு 120 பேருக்குத்தான் அனுமதின்னு ஆக்குனாங்க, பின்னாடி கொஞ்சம் ஏத்துனாங்க. விடுதி வியாபாரம் செத்துடல, பக்கத்துல மாபுல் தீவுக்குப் போயிடுச்சு. அதுல லாபம் யாருக்குன்னா காசு வச்சிருந்தவங்களுக்குத்தான், அதையும் சொல்லிடணும். உங்க தெக்கத்திப் பக்கம் ஹிக்கடுவயப் பாருங்க, 1979ல சரணாலயம், 2002ல தேசியப் பூங்கா, பட்டம் ஏறிக்கிட்டே போச்சு, பவளம் பாக்க அடில கண்ணாடி வச்ச படகும் கூடவே ஏறிக்கிட்டுப் போச்சு.

கோயம்புத்தூர் வாசகர்: நான் முறையா ஸ்கூபா கத்துக்கிட்டவன். சும்மா மேல நின்னு மிதிக்கிற கூட்டத்தையும் எங்களையும் ஒரே தட்டுல வைக்கிறீங்களே?

தட்டு வேறதான், ஆனா உங்க தட்டுலயும் கொஞ்சம் பவளம் கெடக்கு. செங்கடல்லயும் கரீபியன்ல பொனேர் தீவுலயும் 1990கள்ல பாத்தவங்க, ஒரு டைவிங் எடத்துல வருசத்துக்கு 5,000, 6,000 டைவ் தாண்டுனா சேதம் கடகடன்னு ஏறுதுன்னு சொன்னாங்க. பெருசாத் தெரியுதுல்ல? நாளைக்குப் பிரிச்சா பதினாறு பேரு. ஒரே ஒரு படகு.

அதே சமயம் அந்த 6,000 சாமி வாக்கு இல்ல. எகிப்துல ராஸ் முகமது பூங்காவுல எறங்குறதுக்கு முன்னாடி நல்லா வகுப்பு எடுத்தப்ப, ஏழு நிமிசத்துல சராசரியா 1.4 தடவ பவளத்தத் தொட்டவங்க 0.4ஆ குறைஞ்சாங்கன்னு 1997ல எழுதியிருக்காங்க. அப்ப அதே எடம் இன்னும் கொஞ்சம் பேரத் தாங்கும்தான. ஆனா அதே கரீபியன்ல இருக்கிற செயின்ட் லூசியா தீவுல 2004ல பாத்தப்ப, படகுல நின்னு சும்மா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு எறக்கி விட்டா ஒரு மாத்தமும் இல்லையாம், கைட் தண்ணிக்குள்ள கூடவே வந்து கால்ல மாட்டியிருக்கிற துடுப்ப இழுத்து "தள்ளிப் போ"ன்னு சொன்னாத்தான் குறைஞ்சுச்சாம். இன்னொண்ணும் சொன்னாங்க, கேமரா வச்சிருக்கவங்கதான் அதிகமாத் தொடுறாங்கன்னு. உங்க லெட்டர்கூட நாலு போட்டோ இருந்துச்சு சார், ரொம்ப அழகு, ரெண்டாவது போட்டோல உங்க முட்டி எங்க இருக்குன்னு ஒரு தடவ பாருங்க.

கீழக்கரை வாசகி: எங்க அம்மாவும் பாட்டியும் தீவுக்குப் போயி கடல்பாசி எடுத்தவங்க. இப்ப தீவுப் பக்கம் போனா கேஸ், படகப் புடிச்சி வைக்கிறாங்க. எங்க பக்கம் டூரிஸ்ட் படகு வரப்போகுதுன்னு பேச்சு அடிபடுது. டிக்கெட் வாங்குனவன் போகலாம், பொறந்தவ போகக் கூடாதா? இதுதான் உங்க அளவா?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாம நாலு நாள் தள்ளிப் போட்டேன்.

மன்னார் வளைகுடால ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, 1986ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. 21ல ரெண்டு தீவு, பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும், இப்ப தண்ணிக்கு மேல இல்ல. அத மூழ்கடிச்சது பாசி எடுத்த பொம்பளைங்களும் இல்ல, வேடிக்க பாக்க வந்தவங்களும் இல்ல, வருசக்கணக்கா சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்த வெட்டி வள்ளம் வள்ளமா ஏத்துனதுதான் பெரிய காரணம். அது நடந்தப்ப பூங்கான்னு பேரு இருந்துச்சு, காவல் எவ்வளவு இருந்துச்சுன்னு உங்க பாட்டியக் கேட்டா சொல்லுவாங்க.

இப்ப பாசிக்கு வரேன். ராமநாதபுரம் கரைல பாசி எடுக்கிற பெண்கள் கூடிப் பேசி, அமாவாசைய ஒட்டி ஆறு நாளு, பௌர்ணமிய ஒட்டி ஆறு நாளு, ஆக மாசத்துக்கு 12 நாளுதான் கடல்ல எறங்குறதுன்னு ஒரு கட்டுப்பாடு வச்சிருக்காங்களே, உங்களுக்குத் தெரியாததா. இரும்பு வச்சு சுரண்டக் கூடாது, கையாலதான் எடுக்கணும், வெரல்ல துணியச் சுத்திக்கிட்டு. மீன் பெருக்கக் காலத்துல ஒதுங்கிக்கணும். மீதி நாள்ல பாசி தழைக்கணும். இதுக்குப் பேருதான சாமி தாங்கு திறன்? நான் மேல மூணு பத்தி எழுதி வெளக்குனத, பார்முலா இல்லாம நிலாவப் பாத்து முடிவு பண்ணிட்டாங்க, எவ்வளவு எடுத்தா தாங்கும், எப்ப விடணும், யாரு மீறுனா யாரு கேப்பாங்க, எல்லாம் அதுக்குள்ள இருக்கு. அப்படி அளவு வச்சவங்கள வெளில நிறுத்திட்டு, ஆபீஸ்ல உக்காந்து இன்னொரு அளவு தயார் பண்ணி அதுக்கு டிக்கெட் அடிச்சா, உங்களுக்குக் கோவம் வராம என்ன வரும். எனக்கே வருது.

ஆனா ஒண்ணு, கோவப்படுவீங்கன்னு தெரிஞ்சே சொல்றேன். யாரும் போகலாம்னு தொறந்து விட்டா மொதல்ல தீவுக்குப் போறது உங்க அம்மா இல்ல, அவங்களுக்குப் பின்னாடி பெரிய எஞ்சின் வச்சுக்கிட்டு வர்றவன்தான். அதனால சட்டத்த எடுத்துடுங்கன்னு நான் கேக்க மாட்டேன், கணக்குப் போடுற மேசைல உங்களுக்கு ஒரு நாற்காலி வேணும்னு கேப்பேன். தீவுக்கு ஆள் விடுறதுன்னு முடிவானா, தாங்கு திறன் கணக்குல மொத வரியா உள்ளூர்க்காரங்களோட 12 நாள எழுதி, அதக் கழிச்சது போக மிச்சம் என்னவோ அதுதான் டூரிஸ்ட்டுக்கு. படகும் வெளியூர் முதலாளி படகா இருக்கக் கூடாது. தொண்டிப் பக்கம் காரங்காட்டுல அலையாத்திக் காட்டுக்குள்ள படகு விடுறது அந்த ஊர்க்காரங்கதான், வனத்துறையும் ஊருமா சேர்ந்து ஓட்டுறாங்க, சமைச்சுப் போடுறதும் அந்த ஊருப் பெண்கள்தான். அங்க எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லல, ஆனா நம்ம மாவட்டத்துலயே நடக்கிற காரியம், தென் அமெரிக்கா பக்கம் இருக்கிற கலபகோஸ் தீவு வரைக்கும் போயிக் கத்துக்க வேண்டியதில்ல.

உங்க அம்மாகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்களேன், அந்த 12 நாள்ல தண்ணி கலங்கலா இருந்தா என்ன பண்ணுவாங்க, நாளத் தள்ளிக்குவாங்களா இல்ல விட்டதுதானா? எந்தப் புத்தகத்துலயும் எனக்கு இது கெடைக்கல.

சென்னை வாசகர்: அளவு வைக்கிறது ஏலம் போடுறதுல முடியுது. காசு உள்ளவன் பாப்பான், நாம யூட்யூப்ல பாக்கணும். சரியா?

பல எடத்துல அப்படித்தான் ஆகுது. கலபகோஸ் தீவுக்கு வெளிநாட்டுக்காரங்க நுழைவுக் கட்டணம் 100 டாலரா இருந்தது 2024 ஆகஸ்ட்ல 200 ஆச்சு. வெலைய ஏத்துறது சுலபமான வழி, ஆபீசருக்கும் நல்லது, கஜானாவுக்கும் நல்லது. ஆனா அது ஒண்ணுதான் வழின்னு இல்ல. பிரான்ஸ்ல மார்சேய் பக்கத்துல கலாங்க் தேசியப் பூங்கால சுகிட்டோன்னு ஒரு குடா, கோடை நாள்ல 2,500 பேரு வரைக்கும் வந்துக்கிட்டிருந்த எடம், 2022ல இருந்து சீசன் நாள்ல 400 பேருதான். முன்பதிவு பண்ணணும், ஆனா பைசா கெடையாது. மொதல்ல பதிஞ்சவனுக்கு எடம், கோடீஸ்வரனா இருந்தாலும் வரிசைதான்.

அமெரிக்காவோட ஹவாயில ஹனௌமா குடா இந்த ரெண்டு வழிக்கும் நடுவுல நிக்குது. 1967லயே பாதுகாக்கப்பட்ட எடம்னு ஆச்சு, அப்படியும் 1980கள்ல வருசத்துக்கு 30 லட்சம் பேரு அளவுக்கு வந்துட்டாங்க, மீனுக்கு ரொட்டித்துண்டு போட்டே கடலக் கெடுத்தாங்க. இப்ப வாரத்துல ரெண்டு நாள் கடலுக்கு லீவு, வெளியாளு ரெண்டு நாள் முன்னாடி ஆன்லைன்ல பதியணும், 25 டாலர், எறங்குறதுக்கு முன்னாடி ஒரு வீடியோவ உக்காந்து பாத்தே ஆகணும். அந்த மாநிலத்துக்காரங்களுக்குக் காசு இல்ல. வெளியாளுக்கு வெலை, உள்ளூர்க்காரங்களுக்கு உரிமைன்னு பிரிச்சது எனக்கு நியாயமாப் படுது. ஆன்லைன் பதிவுலயும் ஒரு அநியாயம் இருக்கு, காலைல ஏழு மணிக்குத் தொறந்தா கொஞ்ச நேரத்துல காலி, நம்ம தட்கல் டிக்கெட் கதைதான்.

சேலம் வாசகி: சன்ஸ்க்ரீன் போட்டுக்கிட்டு கடல்ல எறங்கக் கூடாதாமே?

பசிபிக் கடல்ல இருக்கிற பலாவ் நாட்டுல 2020ல இருந்தும் ஹவாயில 2021ல இருந்தும் சில ரசாயனம் உள்ள சன்ஸ்க்ரீனுக்குத் தடை, தாய்லாந்து கடல் பூங்காக்கள்லயும் உண்டு. முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டா பிரச்சனையே தீந்துச்சு. ஆனா இதையே பெருசாப் பேசிக்கிட்டிருக்க வேணாம்னு நெனைக்கிறேன். 1998, 2010, 2016னு பவளம் வெளுத்ததெல்லாம் தண்ணி சூடானதால, 2024லயும் உலகம் பூரா அதேதான். ஆள் எண்ணிக்கைய எவ்வளவு குறைச்சாலும் சூட்டக் குறைக்க முடியாது. சூட்டுல வாடுன பவளத்த அந்த வருசமாவது மிதிக்காம விட்டா எந்திரிக்கக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு, அதனால வெளுக்கிற வருசத்துல நம்பரக் குறைக்கணும்னு விதிலயே எழுதி வச்சுக்கலாம்.

நாகர்கோவில் வாசகர்: எல்லாம் சரி, நீங்க போக முடியாத ஜாலி பாய்க்கு நாங்க டிசம்பர்ல போறோம். என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க.

டிசம்பர்னா நல்லது. அங்க ரெண்டு தீவ மாத்தி மாத்தித் தொறக்கிறாங்க, மழைக்காலம் ஓஞ்சதும் ஜாலி பாய், அது மூடுறப்ப ரெட் ஸ்கின், ஒண்ணு தொறந்திருக்கிறப்ப இன்னொண்ணுக்கு ஓய்வு. நம்ம ஊர்ல வயலத் தரிசா விடுற மாதிரிதான். திங்கக்கிழமை பூங்கா லீவு, அன்னிக்குப் போயி நிக்காதீங்க. அனுமதிய முந்தின நாளே கைல வாங்கிடுங்க, நான் ஒரு ஏஜென்ட்டு "காலைல பாத்துக்கலாம் சார்"னு சொன்னத நம்பித்தான் வண்டூர்ல உக்காந்திருந்தேன். பிளாஸ்டிக் பை, பிஸ்கட் பாக்கெட் எல்லாம் ரூம்லயே வச்சிடுங்க, படகு ஏறுறதுக்கு முன்னாடி பையத் தொறந்து பாப்பாங்க. சாப்பாட்ட டிபன் பாக்ஸ்ல கட்டிக்குங்க. நீச்சல் தெரியாதவங்க இருந்தா கண்ணாடிப் படகே போதும், அதுலயே நல்லாத் தெரியுதாம், பாத்துட்டு வந்து எனக்கும் ரெண்டு வரி எழுதுங்க.